முற்றத்துக் கவியும் மேடையும்

கல்முனைக் கரையில் ஒரு கலை விழா நடைபெறுகிறது என்றால் அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. கிறாஅத்துடன் விழா ஆரம்பமாகும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை எனப் பல உரைகள் தொடரும். கவியரங்கம் நடைபெறும். பொன்னாடைகள் போர்த்தப்படும். நன்றியுரையுடன் எல்லாம் இனிதே நிறைவுறும். இந்த ஒழுங்கிலே பெண்களுக்குரிய இடம் எது என்று தேடிப் பார்த்தால் பாடசாலை மாணவிகளின் வரவேற்புப் பாடலிலும், மண்டபத்து மூலையில் ஒரு மேசை மீது வைத்திருக்கும் கைப்பணிப் பொருட்களிலும், பார்வையாளர் வரிசையிலுமே அதனைக் காணலாம்.

இப்பகுதியின் பாட்டுச் செல்வத்திலும் கைவினைச் செல்வத்திலும் பெரும் பங்கு பெண்களுடையது. அவ்வாறிருக்க, விழாவிலே அவர்கள் ஓரத்தில் நிற்பானேன்? பெண் கலைஞர்களுக்கென்றே இங்கு ஒரு விழா எடுப்பதாயின் அது எப்படி அமைதல் வேண்டும்? இவ்விரு வினாக்களையும் இன்றைய உரையில் நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

நான்கு அடிக் கவி

முதலில் நமது பெண்களின் கலைகள் யாவை எனப் பார்ப்போம். அவற்றுள் முதன்மையானது கவி. எழுத்தறிந்த புலவர் யாப்பமைத்துப் பாடும் செய்யுளையே பொதுவாகக் கவி என்பர். கிழக்குக் கரையிலோ அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. வயலிலும் வாடியிலும் வீட்டு முற்றத்திலும் வாய்மொழியாகப் பாடப்படும் நான்கடிப் பாட்டையும் நாம் கவி என்றே சொல்கிறோம். மட்டக்களப்பு முதல் பொத்துவில் வரை தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இது வழங்கி வந்திருக்கிறது. பாட்டில் வரும் சில சொற்களைக் கொண்டே பாடியவர் எந்த ஊரவர் என ஊகிக்கலாமேயன்றி, வடிவத்திலே பேதம் காண்பது அரிது.

பெரும்பாலான கவிகளில் முன்னிரண்டு அடிகள் கண்ணெதிரே உள்ள ஒன்றைக் காட்டும். கதிர் சாய்ந்த வயலோ, கரை தேடும் தோணியோ, கூரையில் வந்தமர்ந்த பறவையோ அதுவாக இருக்கலாம். பின்னிரண்டு அடிகளில் பாடுபவரின் உள்ளத்துச் செய்தி வந்து விழும். மச்சானை நினைத்து மச்சி பாடுவாள். மச்சியை நினைத்து மச்சான் பாடுவான். ஒருவர் பாடியதற்கு மற்றவர் மறுமொழியாகப் பாடும் கவிகளும் உண்டு. எதுகையும் மோனையும் தேடிப் போட்டவை போலத் தோன்றமாட்டா. பேச்சிலேயே அவை கிடந்து, பாட்டிலே துலங்கும்.

கவி காதலை மட்டும் பாடவில்லை. மாமியின் கொடுமை, சீதனம் போதாமல் தள்ளிப் போன கலியாணம், வயலுக்குப் போனவன் வாடியிலேயே தங்கிவிட்ட கவலை, பிள்ளையில்லாத பெண்ணின் தவிப்பு, பொய் சொன்ன மாப்பிள்ளை மீதான எள்ளல் என யாவும் அதிலே இடம்பெறும். நேருக்கு நேர் சொல்ல முடியாததை நான்கு அடிக்குள் வைத்துச் சொல்லிவிடலாம். கேட்டவர் கோபித்துக் கொண்டால், “பாட்டுத்தானே” என்று சிரித்துத் தப்பிவிடவும் வழியுண்டு. எழுதப் படிக்கக் கற்பிக்கப்படாத பெண்களுக்கு இது எத்துணைப் பெரிய சுதந்திரம் என்பதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். கடிதமும் நாட்குறிப்பும் முறைப்பாடும் அவர்களுக்குக் கவியாகவே இருந்தன.

கவியுடன் தாலாட்டும் ஊஞ்சற் பாட்டும் சேரும். மாலைகளையும் முனாஜாத்துகளையும் இராகத்துடன் ஓதிய பெண்கள் ஊர்தோறும் இருந்தார்கள். எங்கள் மூத்தம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் இரவு முழுவதும் கேட்டாலும் தீராத அளவு மாலைப் பாட்டுகள் அவருக்கு மனப்பாடம். வெள்ளி இரவுகளில் அயல் வீட்டுப் பெண்கள் அவரைச் சுற்றி அமர்ந்து கேட்டதை நானே பார்த்திருக்கின்றேன்.

குரவை என்பதோ பாட்டு அன்று. நாவைச் சுழற்றி எழுப்பும் மங்கல ஒலி. மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வரும்போதும் சுன்னத்துக் கலியாணத்தின் போதும் பெண்கள் கூடிக் குரவையிடுவர். தமிழ்நாட்டில் இதனைக் குலவை என்பர். அரபு நாடுகளிலும் வட ஆபிரிக்காவிலும் திருமண வீடுகளில் பெண்கள் இவ்வாறே ஒலியெழுப்புகின்றனர். மொழி தேவைப்படாத இசை இது. மூச்சும் நாவும் பழகியிருந்தால் மட்டுமே வரும். இன்று எங்கள் கலியாண வீடுகளில் குரவையிடத் தெரிந்த இளம் பெண்ணைக் காண்பது அரிதாகிவிட்டது.

பாயும் தறியும்

பாட்டைப் போலவே கையும் பேசும். நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் முஸ்லிம் பெண்கள் பன்பாய் இழைப்பதில் வல்லவர்கள். சதுப்பு நிலத்திலே வளரும் பன்னை வெட்டி, வெயிலில் உலர்த்தி, பதப்படுத்தி, ஒரு பகுதியைச் சாயம் காய்ச்சித் தோய்த்து, பிறகே இழைக்கத் தொடங்குவார்கள். கோடும் கட்டமும் பூவும் எத்தனையாவது இழையில் நிறம் மாறினால் வரும் என்பது கணக்கு. அந்தக் கணக்குக் கடதாசியில் இல்லை. இழைப்பவளின் விரலில் இருக்கிறது. குந்தியிருந்து இழைக்கும் அந்த நீண்ட பகற்பொழுதில்தான் கவியும் பிறந்தது. ஆகவே பாயையும் பாட்டையும் வெவ்வேறு கலைகளாகப் பிரித்துப் பார்ப்பது நமது வசதிக்காகவே.

மருதமுனையின் பெயர் கைத்தறியோடு ஒட்டியது. அவ்வூர்ச் சாரனும் சேலையும் இலங்கையின் பல பாகங்களுக்கும் சென்றன. நூல் சுற்றுவதிலும் பாவோடுவதிலும் தறியில் நெய்வதிலும் பெண்களின் உழைப்பு உண்டு. இதே மருதமுனையில்தான் 1966ஆம் ஆண்டு இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு நடைபெற்றது. புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீன் போன்ற பெரும் புலவர்களைத் தந்த ஊர் அது. ஏட்டிலக்கியமும் தறியோசையும் அடுத்தடுத்த வளவுகளிலே வாழ்ந்த மண் என இதனைக் கூறலாம்.

முற்றம் ஏன் பாடியது?

இக்கலைகள் முற்றத்திலே செழித்ததற்கு ஒரு சமூகக் காரணம் உண்டு. கிழக்குக் கரை முஸ்லிம்களிடையே குடி என்பது தாய்வழியில் வருவது. கலியாணத்தின் போது பெண்ணுக்கு வீடு கொடுக்கப்படும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். இதனால் தாயும் மகள்மாரும், ராத்தாவும் தங்கையும், சாச்சிமாரும் பக்கத்துப் பக்கத்து வளவுகளிலேயே வாழ நேர்ந்தது. வேலி தாண்டினால் உம்மா வீடு. அதற்கு அப்பால் ராத்தா வீடு. பகலில் ஆண்கள் வயலுக்கும் கடலுக்கும் கடைக்கும் போய்விட, அந்த வளவுகள் பெண்களின் அரங்காக மாறின. பாடவும் கேட்கவும் தேவையான கூட்டம் எப்போதும் கைக்கெட்டிய தூரத்திலே இருந்தது. மேடையும் அழைப்பிதழும் அங்கு வேண்டப்படவில்லை.

அந்த அரங்கு பல காரணங்களால் சிதைந்தது. வானொலிப் பெட்டியும், பின்னர் தொலைக்காட்சியும் பாட்டை வீட்டுக்குள் கொண்டு வந்து தந்தபோது பாட வேண்டிய தேவை குறைந்தது. ஆலை அரிசி வந்ததும் உரலும் உலக்கையும் ஓய்ந்தன. அவற்றோடு சேர்ந்த பாட்டும் ஓய்ந்தது. பிளாஸ்ரிக் பாய் பன்பாயின் விலையை வீழ்த்தியது. மார்க்க விளக்கம் பரவியபோது குரவையும் மாலைப் பாட்டும் தேவையா என்ற கேள்வி எழுந்தது. பலர் அவற்றைக் கைவிட்டனர். 1980களின் நடுப்பகுதியிலிருந்து மூண்ட வன்செயல்கள் தமிழ் ஊர்களையும் முஸ்லிம் ஊர்களையும் ஒன்றுக்கொன்று அந்நியமாக்கின. ஒரே வயல்வெளியில் இரு சாராரும் மாறி மாறிப் பாடிய காலம் அதனுடன் முடிந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாக வந்தது 2004 டிசம்பர் 26. அம்பாறை மாவட்டத்திலே 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டு போனது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோர வளவுகள் துடைத்தெடுக்கப்பட்டன. தப்பியவர்களில் பலர் மாற்று வீட்டுத் திட்டங்களுக்குச் சென்றார்கள். வீடு கிடைத்தது, ஆனால் உம்மா வீடும் ராத்தா வீடும் அடுத்தடுத்து அமைந்த அந்த ஒழுங்கு மீளக் கிடைக்கவில்லை. பாடுபவளுக்கு அருகே கேட்பவள் இல்லாமற் போனாள். ஒரு கலை எவ்வாறு மறைகிறது என்று கேட்டால், கேட்பவர் இல்லாமற் போவதனால் என்பதே என் விடை.

பெயர் எங்கே?

இக்கவிகளைத் திரட்டியவர்களுக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். 1942இல் கல்முனையிலே உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றிய ஏ.எம்.ஏ. அஸீஸ் இப்பகுதி மக்களின் பாடல்களில் ஈடுபாடு கொண்டிருந்தார். பண்டிதர் வீ.சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூல் கிழக்கின் கலைகளைப் படித்தோர் உலகுக்கு அறிமுகம் செய்தது. நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் முஸ்லிம் கிராமங்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டி நூலாக்கினார்.

2013ஆம் ஆண்டில் சாய்ந்தமருதைச் சேர்ந்த கவிஞர் அனார், ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ என்ற பெயரிலே கிழக்கிலங்கை நாட்டார் காதற் பாடல்களைத் தொகுத்தார். சென்னையில் க்ரியா பதிப்பகம் அதனை வெளியிட்டது. ‘எனக்குக் கவிதை முகம்’ முதலான தொகுதிகளால் தமிழ் கூறும் நல்லுலகெங்கும் அறியப்பட்டவர் அனார். புதுக்கவிதை எழுதும் ஒரு பெண், தன் ஊரின் பழங்கவிக்குத் தொகுப்பாளராக வந்தமை எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. முற்றத்தில் பாடிய மூதாட்டிக்கும் அச்சிலே எழுதும் பேத்திக்கும் இடையே அறுந்திருந்த நூல் அங்கே முடிச்சிடப்பட்டது.

ஆயினும் நாட்டார் பாடல் என்ற வகுப்பிலேயே ஒரு குறை உண்டு. யார் பாடியது என்று கேட்டால், மக்கள் பாடியது என்கிறோம். வாய்மொழியாக வந்த பாட்டுக்கு முதலாசிரியரைக் காண முடியாது என்பது உண்மையே. ஆனால் இன்று நம் முன்னே அமர்ந்து பாடுகின்ற பெண்ணுக்குப் பெயர் இருக்கிறதல்லவா? அவள் கேட்ட கவியை அப்படியே ஒப்பிப்பதும் இல்லை. ஓர் அடியை மாற்றுகிறாள், சில வேளை முழுவதையும் புதிதாகக் கட்டுகிறாள். பக்கவாத்தியக்காரரின் பெயரைக்கூட மறவாமல் அறிவிக்கும் நாம், இவளை மட்டும் ‘கிராமியக் கலை நிகழ்ச்சி’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம்.

இதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். விழாவை நடத்தியவர்களின் பெயர் இங்கு வேண்டாம். முதிய பெண்கள் சிலரை அழைத்து வந்து கவி பாட வைத்தார்கள். அழைப்பிதழில் அதிதிகளின் பெயர்கள் பட்டம் பதவிகளோடு அச்சாகியிருந்தன. பாடியவர்களின் பெயர்கள் இல்லை. உரைகள் நீண்டதால் அவர்களுக்குக் கிடைத்தது சில நிமிடங்களே. முடிவிலே ஒவ்வொருவருக்கும் ஒரு பொன்னாடை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர்களுள் ஒருவர் என்னிடம், “எனக்கெதுக்குப் புள்ள இந்தப் பொன்னாட? பன் வெட்டுறவனுக்குக் கூலி குடுக்க வேணும்” என்றார். கசப்போடு அவர் அதைச் சொல்லவில்லை; கணக்கைச் சொன்னார். அந்தக் கணக்கிலே நமது விழாக்கள் எல்லாம் தவறிவிடுகின்றன.

பெண்கள் எடுத்த விழாக்கள்

பெண் கலைஞருக்கு இடமில்லாத விழாவைப் பெண்ணொருத்தி மாற்றிக் காட்டிய வரலாறு தமிழில் உண்டு. திருவையாற்றிலே தியாகராஜ சுவாமிகளின் ஆராதனை நடைபெறும்போது ஒரு காலத்தில் பெண்கள் அங்கே பாட அனுமதிக்கப்படவில்லை. தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அவரது சமாதிக்குக் கோயில் எழுப்பியவரே ஒரு பெண்தான். அவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். இசையும் ஆடலும் வல்ல தேவதாசி மரபில் வந்தவர். கோயில் கட்டியவருக்கே அங்கு பாட உரிமை இல்லை என்றதும், 1927இல் அவர் பெண்களைத் திரட்டி அதே இடத்திலே தனியாக ஆராதனை நடத்தினார். ‘பெண்கள் கட்சி’ என்று அது பெயர் பெற்றது. 1940ஆம் ஆண்டளவில் கட்சிகள் யாவும் ஒன்றிணைந்தபோது பெண்களுக்கும் அங்கு இடம் உறுதியாயிற்று. தனியாக எடுத்த விழா பிரிவினைக்காக அன்று, உரிமையை நிலைநாட்டவே என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

அது கோயில் மரபு, நம் மரபு வேறு என்று சிலர் சொல்லக்கூடும். ஆகவே நம்மைப் போலவே இந்து சமுத்திரக் கரையில் வாழும் முஸ்லிம் சமூகம் ஒன்றைப் பார்ப்போம். கிழக்காபிரிக்காவின் ஸன்ஸிபார் தீவிலே 1880இல் பிறந்தவர் சித்தி பின்த் ஸாத். அடிமைகளாயிருந்தோரின் குடும்பம். பானை சட்டிகளைச் சுமந்து விற்கும்போது பாடிக் கூவியே அவர் குரல் பழகியது. அதுவரை செல்வர் மாளிகைகளில் அரபு மொழியில் ஒலித்த தாரப் இசையை அவர் சாதாரண மக்களின் ஸுவாஹிலி மொழியிலே பாடினார். 1928இல் பம்பாய்க்குச் சென்று இசைத்தட்டுகளிலே குரல் பதித்தார். ஸுவாஹிலியின் பெரும் எழுத்தாளரான ஷாபான் றொபேட் அவருடைய வாழ்க்கை வரலாற்றை நூலாக எழுதினார். பானை விற்ற ஒரு பெண்ணின் பெயர் இன்றளவும் நிலைத்திருப்பது எதனால்? இசைத்தட்டின் முகப்பிலே அவர் பெயர் அச்சானது. அவர் வாழ்க்கையை எழுத ஒரு புலவர் முன்வந்தார். நமது மூதாட்டிகளுக்குக் கிடைக்காத இரண்டும் இவையே.

மலபாரில் மாப்பிளா முஸ்லிம்களின் ஒப்பனை இன்னொரு பாடத்தைத் தருகிறது. மணப்பெண்ணை நடுவே இருத்தி, தோழியர் சுற்றி நின்று கைதட்டிப் பாடும் வீட்டுக் கலை அது. பிற்காலத்தில் அது கேரளப் பாடசாலைக் கலோற்சவத்தில் போட்டி நிகழ்ச்சியாகியது. இன்று பல சமயங்களையும் சேர்ந்த மாணவிகள் அதனைப் பயின்று ஆடுகிறார்கள். கலை பிழைத்தது என்று மகிழலாம். அதே வேளை, போட்டிக்கென்று உடையும் அசைவும் நேரமும் வரையறுக்கப்படும்போது, கலியாண வீட்டிலே நினைத்த மாத்திரத்தில் பாட்டை வளர்த்த பெண்ணின் சுதந்திரம் சுருங்குகிறது. மேடை ஒரு கலையைக் காப்பாற்றும். அதுவே அதனை இறுக்கியும் விடும். நாம் இரண்டையும் கண்ணிற் கொள்ள வேண்டும்.

தூர தேசம் போக வேண்டியதில்லை. கல்முனையிலிருந்து வடக்கே சுமார் 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மட்டக்களப்பிலே சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் இருக்கிறது. போரினால் இடம்பெயர்ந்த பெண்களுடன் 1991இல் கொழும்பில் தொடங்கி, 1993இல் மட்டக்களப்புக்கு வந்த நிறுவனம் அது. ‘பெண்’ என்ற சஞ்சிகையை வெளியிட்டது. பாட்டையும் நாடகத்தையும் தன் பணியின் ஓர் அங்கமாகவே கொண்டது. மார்ச் 8ஆம் திகதி மகளிர் தினத்தைப் பேச்சோடு நிறுத்தாமல் பெண்களே பாடி ஆடும் நாளாக அது மாற்றியது. நெருக்கடி மிகுந்த காலத்திலேயே இது இயன்றதென்றால், இன்று நம்மால் ஏன் இயலாது?

நமது கரைக்கு ஏற்ற விழா

எனவே கல்முனைக் கரையிலே பெண் கலைஞர் விழா ஒன்று எடுப்போர் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்ல விழைகின்றேன்.

முதலாவது, கேட்போர். குரலை அந்நிய ஆடவர் கேட்கப் பாடுவது தகுமா என்ற கேள்வி எங்கள் சமூகத்தில் உண்டு. அறிஞர்களிடையே இது பற்றிப் பல கருத்துகள் இருக்கின்றன. அவ்விவாதத்துக்குள் நான் புகவில்லை. ஆனால் கவி பாடிய பெண்கள் இக்கேள்விக்கு என்றோ விடை கண்டுவிட்டார்கள் என்பதை நினைவூட்டுகின்றேன். அவர்கள் பெண்கள் கூட்டத்திலே பாடினார்கள். ஆகவே பெண்கள் மட்டுமே கூடும் அமர்வு ஒன்று விழாவிலே அவசியம். அதனை இரண்டாந்தர அமர்வாகக் கருதலாகாது. நல்ல ஒலிபெருக்கி, நல்ல ஆசனம், போதிய நேரம் யாவும் அங்கே இருக்க வேண்டும். பொதுமேடையில் பாட விரும்புவோருக்கு அதுவும் திறந்திருக்கட்டும். எதைத் தெரிவது என்பது பாடுபவரின் உரிமை.

இரண்டாவது, நேரமும் இடமும். இரவு விழாவுக்கு வரும் வசதி நம் பெண்களில் பலருக்கு இல்லை. அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கி மஃரிபுக்கு முன் முடியும் நிகழ்ச்சியே அவர்களுக்கு வாய்ப்பானது. ஊர் நடுவே உள்ள மகளிர் பாடசாலை மண்டபம் போதும். கைக்குழந்தையோடு வருவோருக்கு ஓர் அறை ஒதுக்கப்பட வேண்டும். தாலாட்டைக் கேட்கவென்று கூடிய இடத்திலே குழந்தை அழுதால் முகஞ்சுளிப்பது முறையாகுமா?

மூன்றாவது, பெயர். அழைப்பிதழிலும் பதாகையிலும் முதலிலே பாடுபவர், இழைப்பவர், நெய்பவர் பெயர்கள் வர வேண்டும். அதிதிகளின் பெயர்கள் அதன் பிறகு வரலாம். பெயர் வெளியாவதை விரும்பாதவர் இருப்பின், இன்ன ஊர், இன்னாரிடம் கற்றவர் என்றாவது அவர் சம்மதத்தோடு பதிய வேண்டும். அரசாங்கம் 60 வயதைக் கடந்த கலைஞர்களுக்குக் கலாபூஷணம் விருது வழங்குகிறது. அதற்கு விண்ணப்பிக்கச் சான்றுகள் தேவை. முற்றத்திலே பாடியவளிடம் பத்திரிகை நறுக்குமில்லை, சான்றிதழுமில்லை. விழா மலரில் அச்சாகும் ஒரு பெயரே நாளை அவளுக்குச் சான்றாக அமையும்.

நான்காவது, கூலி. ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் பேசிய பணத்தைக் கொடுக்கிறோம். பாடுபவருக்கு மட்டும் பொன்னாடை போதும் என்பது நியாயமன்று. போக்குவரத்துச் செலவும் சன்மானமும் முன்கூட்டியே பேசப்பட வேண்டும். பாயும் துணியும் காட்சிக்கு மட்டும் வைக்கப்படாமல், இழைத்தவரே விலை சொல்லி விற்க வழி செய்ய வேண்டும். இடைத்தரகர் கைக்குப் போகும் பங்கு அன்றொரு நாளாவது அவர் கையிலே சேரட்டும். வாங்க வருவோர் பேரம் பேசும் முன், பன் வெட்டியது முதல் பாய் முடிந்தது வரையான வேலையை அவர் வாயாலேயே கேட்க ஓர் ஏற்பாடு இருந்தால் விலையின் நியாயம் தானே விளங்கும்.

ஐந்தாவது, பதிவு. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒலியும் ஒளியும் பதியும் கைத்தொலைபேசி இருக்கிறது. சம்மதமின்றி ஒரு பெண்ணின் குரலைப் பதிந்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டால் அடுத்த வருடம் அவளும் வரமாட்டாள், அவள் மகளும் வரமாட்டாள். ஆதலால் யார் பதியலாம், எதற்குப் பதியலாம் என்பது முதலிலேயே தீர்மானிக்கப்பட வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கலை நிகழ்த்துவோரின் உரிமையையும் நாட்டார் கலை வெளிப்பாடுகளையும் பாதுகாக்கிறது. இச்சட்டத்தை நம் பெண் கலைஞர்களுக்கு எளிய தமிழிலே விளக்கும் ஓர் அமர்வு, பல வாழ்த்துரைகளை விடப் பயன் தரும். பதிந்தவற்றின் ஒரு பிரதி பாடியவர் வீட்டுக்கும், மற்றொன்று ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற ஒரு நிறுவனத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

வானொலியும் காரைதீவும்

வானொலிக்கும் இதிலே ஒரு பங்கு உண்டு. இலங்கை வானொலி முஸ்லிம் சேவையின் ‘மாதர் மஜ்லிஸ்’ நிகழ்ச்சி, மேடை ஏறாத எத்தனையோ பெண்களை எழுதவும் பேசவும் வைத்தது. ஊரிலே பெயர் தெரியாத ஒருத்தியின் ஆக்கத்தை நாடு முழுவதும் கேட்டது. முகங்காட்டத் தயங்கியவளுக்கும் அது ஓர் அரங்கு. முற்றத்திலே இல்லாமற் போன கேட்போரை வானலைகளிலே தேடித் தர முடியும் என்பதற்கு அந்நிகழ்ச்சியே அத்தாட்சி. விழாவிலே பாடப்பட்ட கவிகளைப் பாடியவரின் சம்மதத்தோடும் பெயரோடும் ஒலிபரப்பினால், ஒரு நாள் விழா ஓராண்டு வரை நீளும்.

சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே காரைதீவு இருக்கிறது. 1892இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர் அது. வழக்கொழிந்து போன பழந்தமிழ் யாழை ஏடுகளிலே தேடி, பல்லாண்டு உழைத்து, 1947இல் ‘யாழ் நூல்’ தந்தவர் அவர். யாழைப் பற்றி அறிய ஏடாவது எஞ்சியிருந்தது. நமது மூதாட்டிகளின் கவிக்கும் குரவைக்கும் பாயிழைக்கும் கணக்குக்கும் அவர்களின் நினைவையும் விரலையும் தவிர வேறு ஏடு கிடையாது. அவர்கள் போய்விட்டால் எவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளர் வந்தாலும் மீட்டெடுக்க முடியாது.

பிரதேச செயலகங்களின் கலாசாரப் பேரவைகளும், மகளிர் அமைப்புகளும், பாடசாலைகளும் மனம் வைத்தால் பெரிய செலவின்றியே இப்படியொரு விழாவை எடுக்கலாம். தமிழ்ச் சகோதரிகளையும் அதற்கு அழைக்க வேண்டும். பாண்டிருப்பிலும் காரைதீவிலும் பாடப்படும் கவியும் இதே கவிதான். அறுவடை முடிந்து கையிலே கொஞ்சம் ஓய்விருக்கும் ஒரு மாலைப் பொழுது போதும். நேயர்களே, அதற்கு முன் உங்கள் வீட்டிலே, அயல் வீட்டிலே கவி தெரிந்த மூத்தம்மா ஒருவர் இருப்பாராயின் இன்றே அவரருகே சென்று அமருங்கள். பாடச் சொல்லிக் கேளுங்கள். பாடி முடித்ததும் அதை அவர் யாரிடம் கற்றார் என்று கேட்டு, அந்தப் பெயரையும் அவர் பெயரையும் ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். நாளைய விழாவின் அழைப்பிதழ் அந்தக் கொப்பியிலிருந்துதான் அச்சாக வேண்டும்.